ஐந்து பேருக்கு ஒரே வாய்

ஜனவரி 9

பல் ஆய்வகத் தொழில்நுட்பர் அவர்களுக்கு,

எங்கள் ஆங்கிலம் – தமிழ் அகராதியில் ‘சி’ எழுத்து அச்சுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது. ‘ச்யூ’ என்றால் மெல்லுவது என்று எல்லோருக்கும் தெரியும். அதன் பின்னால் வால் மாதிரி ஒட்டிக்கொள்ளும் குட்டிச் சொற்கள்தான் உயிரை வாங்குகின்றன. ‘ச்யூ ஓவர்’, ‘ச்யூ அவுட்’, ‘ச்யூ அப்’ மூன்றும் என் தலையில் விழுந்திருக்கின்றன. பொருள் எழுதி முடித்துவிட்டேன். முதலாவதற்கு ‘ஒரு விஷயத்தை நிதானமாக அசைபோடு’. இரண்டாவதற்கு ‘ஒருவரை வறுத்தெடு’; பெரும்பாலும் மேலே இருப்பவர் கீழே இருப்பவரைச் செய்வது. மூன்றாவதற்கு ‘மென்று நாசமாக்கு’. இயந்திரம் துணியையோ காகிதத்தையோ இழுத்துக் குதறுவதற்கும் இதைத்தான் சொல்கிறார்கள்.

எடுத்துக்காட்டு வாக்கியம்தான் இல்லை. எங்கள் அலுவலக விதி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மேசையில் உட்கார்ந்து வாக்கியத்தைக் கற்பனை செய்யக் கூடாது. உயிரோடு இருக்கும் ஒருவர் வாயால் சொல்லி, இன்னொருவர் காதால் கேட்டிருக்க வேண்டும். வாக்கியம், சொன்னவர் தொழில், இடம், தேதி ஆகிய நான்கும் இருந்தால்தான் சீட்டு செல்லும். தலைமைப் பதிப்பாசிரியர் ஒவ்வொன்றையும் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்ப்பார்.

நீங்கள் நாள் முழுவதும் ஆங்கிலம் பேசுகிறவர்கள் நடுவில் இருக்கிறீர்கள். ஐந்து சீட்டு கிடைத்தால் போதும். போன் செய்ய வேண்டாம். போனில் பேசினால் என்ன ஆகும் என்று சென்ற ஏப்ரலில் பார்த்தாயிற்று.

இப்படிக்கு,
உதவிப் பதிப்பாசிரியர்

பி.கு: வெற்றுச் சீட்டுகள் பத்து வைத்திருக்கிறேன். பென்சிலைக் கடிக்காமல் எழுதவும்.

ஜனவரி 24

மதிப்பிற்குரிய உதவிப் பதிப்பாசிரியர் அவர்களுக்கு,

ஒன்பது மாதம் கழித்து அக்காவிடமிருந்து கடிதம் வருகிறது. பிரித்தால் ‘அவர்களுக்கு’. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைசியில் பென்சில் சமாசாரம் வந்த பிறகுதான் இது எனக்கு வந்த கடிதம் என்று நிச்சயமானது. சின்ன வயதில் எனக்கு ‘எலி’ என்று பெயர் வைத்தவள் வேறு யாரும் இல்லையே.

சீட்டுகள் தயார். ஆங்கிலத்தைச் சீட்டில் எழுதியிருக்கிறேன். இங்கே தமிழ் மட்டும்.

வீட்டுக்கார அம்மாள், மாடிப்படியில்: “அவசரமே இல்ல, நல்லா அசைபோட்டுட்டு அப்பறம் சொல்லுங்க. அது இருக்கட்டும், சாப்பிட்டீங்களா?”

மேற்பார்வையாளர், ஆய்வகத்தில்: “நேத்து உங்கள வறுத்தெடுத்துட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. உடம்பு இப்ப பரவாயில்லையா?”

சலவைக் கடைக்காரர், கடையில்: “மெஷின் உங்க சட்டையை மென்னு துப்பிடுச்சுங்க. வேற கனமான சட்டை இருக்கா? வெளிய குளிருதே.”

பேருந்து ஓட்டுநர், நிறுத்தத்தில்: “எதையோ அசைபோட்டுட்டே வரீங்க. வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?”

பக்கத்து மேசைக்காரர், உணவு இடைவேளையில்: “இங்க வந்து உக்காருங்க, சாப்பிட்டுக்கிட்டே ரெண்டு பேருமா அசைபோடுவோம்.”

தேதிகளும் போட்டிருக்கிறேன். போதாவிட்டால் சொல். இங்கே பேச்சுக்குப் பஞ்சமில்லை.

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கலாமா, அல்லது அதற்கும் படிவம் ஏதாவது உண்டா?

தம்பி

பெப்ரவரி 6

தம்பிக்கு,

சீட்டுகள் வந்தன. கையெழுத்து இன்னும் கோழி கிளறியது போலத்தான் இருக்கிறது. மேலே கொடுத்துவிட்டேன்.

உன்னைச் சுற்றி நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள். படித்தபோது நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. எரிச்சலை ஏன் மறைக்க வேண்டும்? இங்கே அலுவலகத்தில் எட்டுப் பேர் இருக்கிறோம். ஆளுக்கொரு எழுத்து. தலை நிமிர்ந்தால் ‘இந்தச் சொல்லுக்கு என்ன போடலாம்’ என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. வீட்டுக்கு வந்தால் அதுவும் இல்லை. அம்மாவின் அறைக்கதவைச் சாத்தி வைத்தால் உள்ளே யாரோ இருப்பது போல இருக்கிறது, திறந்து வைத்தால் யாரும் இல்லை என்று தெரிகிறது. அதனால் பாதி திறந்து வைத்திருக்கிறேன்.

இவ்வளவு எழுதியபின் மீதியையும் எழுதிவிடுகிறேன். நீ செப்டம்பரில் வந்தபோது அம்மாவின் வாயை அச்சு எடுத்துக்கொண்டு போனாய். ‘ரெண்டே மாசம், புதுப் பல் செட் வந்துடும்மா’ என்று சொல்லிவிட்டுப் போனாய். நவம்பரில் பழைய செட் விரிசல் விட்டது. அன்றிலிருந்து கஞ்சி. காலையில் கஞ்சி, இரவில் கஞ்சி. ஐந்து மாதம் கஞ்சி குடித்தே போய்ச் சேர்ந்தாள். ஊராருக்கெல்லாம் பல் செய்கிறவன் பெற்றவளுக்குச் செய்யவில்லை. ‘இனிமே எனக்குத் தம்பியே கிடையாது’ என்று அன்று போனில் சொன்னது தப்புதான். ஆனால் கோபம் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

நீ ஒரு வார்த்தை பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவே இல்லை.

அக்கா

பெப்ரவரி 15

தம்பிக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். காத்திருக்கும் நிலையில் நான் இல்லை.

தலைமைப் பதிப்பாசிரியர் இன்று என்னைக் கூப்பிட்டார். உன் ஐந்து சீட்டுகளையும் சீட்டாட்டத்தில் பரப்புவது போல மேசைமேல் பரப்பி வைத்திருந்தார். “இதை ஒருதரம் வரிசையா படிங்கம்மா” என்றார். படித்தேன். “என்ன தெரியுது?” என்றார். எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்.

“அஞ்சு பேரு, அஞ்சு தொழில். ஆனா வாய் ஒண்ணுதான். ஓட்டுநர் வண்டிய எடுக்கணுமே, நின்னு குடும்பத்த விசாரிக்கறாரு. சலவைக்காரர் சட்டையக் கிழிச்சுட்டு குளிருக்குக் கவலைப்படறாரு. இத்தன வருஷத்துல லட்சம் சீட்டு பாத்திருக்கேன். நிஜமா பேசறவங்க அவங்கவங்க வேலையப் பத்தித்தாம்மா பேசுவாங்க. இதுல எல்லாருமே எழுதினவரையே விசாரிக்கறாங்க. இது காதால கேட்டதில்ல.”

ஒரு பொய்ச் சீட்டு மாட்டினால் அதைச் சேர்த்தவரின் மற்ற சீட்டுகளையும் சந்தேகிக்க வேண்டும் என்பது விதி. ஆறு வருடம் நான் சேர்த்தவை பதினோராயிரம். ஏப்ரல் பாதிக்குள் ஒரு நல்ல சீட்டாவது கொண்டுவந்தால் இதை மறந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ‘ச்யூ அவுட்’, ‘ச்யூ அப்’ இரண்டுக்கும் அவர் பெட்டியிலேயே பழைய சீட்டுகள் கிடைத்துவிட்டன. ‘ச்யூ ஓவர்’தான் பாக்கி.

உன்னை நான் கேட்டது ஒரே ஒரு உதவி. அதிலும் ஏமாற்றிவிட்டாய். பல் விஷயத்தில் செய்தது போதாதா?

அக்கா

மார்ச் 2

அக்கா,

உன் தலைமைப் பதிப்பாசிரியருக்கு நல்ல காது. எனக்காக ஒரு வணக்கம் சொல்லிவிடு.

அந்த ஐந்து பேரும் இருக்கிறார்கள். அவர்கள் பேசியதுதான் இல்லை.

என் வேலையிடத்தை நான் உனக்குச் சொன்னதே இல்லை. ஆய்வகத்தின் பின்பக்க அறை. சுவரில் ஒரு சிறிய ஜன்னல். காலையில் அதன் வழியாக ஒரு தட்டில் அச்சுகள் வரும், கூடவே எண் போட்ட ஆர்டர் காகிதம். மாலையில் முடித்த பற்களை அதே தட்டில் வைத்துத் தள்ளிவிடுவேன். மறுபக்கத்திலிருந்து ஒரு கை எடுத்துக்கொள்ளும். மேற்பார்வையாளருக்குக் குறை ஏதும் இருந்தால் காகிதத்தின் ஓரத்தில் எழுதுவார். அலமாரி முழுக்க மாவுக்கட்டு மாவில் வார்த்த வாய்கள், நாற்பதுக்குக் குறையாது. எல்லாம் திறந்தபடிதான் இருக்கும். ஒன்றும் பேசாது.

வீட்டுக்கார அம்மாள் குப்பை எடுக்கும் கிழமையை ஒரு சீட்டில் எழுதிக் கதவில் ஒட்டுவார். சலவைக் கடையில் மெஷின்தான் இருக்கிறது, ஆள் பின்னால் எங்கோ இருப்பார். பேருந்தில் அட்டையைக் காட்டினால் ‘பீப்’ என்று ஒரு சத்தம் வரும். சில நாள் எனக்குக் கிடைக்கும் ஒரே பதில் அதுதான். பக்கத்து மேசை காலி. அதற்கு ஆள் போடவே இல்லை.

உன் கடிதம் வந்தபின் நிஜமாகவே நோட்டும் பென்சிலுமாகத் திரிந்தேன். ஒரு வாரம் காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ‘இங்கே யாரும் என்னோடு பேசுவதில்லை’ என்று உனக்கு எழுத வெட்கமாக இருந்தது. அதனால் அவர்கள் பேசினால் எப்படி இருக்கும் என்று நினைத்து எழுதினேன். உட்கார்ந்தது ஒரு மணி நேரம். இரண்டு வருடத்தில் எனக்கு நன்றாகப் போன ஒரு மணி நேரம் அது. உன் வேலைக்கு வேட்டு வைப்பேன் என்று நினைக்கவில்லை. மன்னித்துவிடு.

பல் விஷயம். நீ அன்று அழுதுகொண்டிருந்தாய், அதனால் பேசவில்லை. இப்போது நீயே கேட்கிறாய். அச்சு மட்டும் இருந்தால் பல் அடுக்க முடியாது. மேல் தாடையும் கீழ் தாடையும் எந்த இடத்தில் சேர்கின்றன என்று தெரிய வேண்டும். அதற்கு மெழுகைக் கடிக்க வைத்து எடுப்போம். நவம்பரில் கடிதத்தோடு ஒரு சின்ன டப்பாவில் மெழுகு அனுப்பினேன். எப்படிக் கடிக்க வைப்பது, எப்படித் திருப்பி அனுப்புவது என்று கடிதத்தில் எழுதியிருந்தேன். வரவே இல்லை. போனில் ஒருமுறை ஆரம்பித்தேன். ‘இப்ப வேலை தலைக்கு மேல இருக்குடா, அப்பறம் பேசு’ என்றாய். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை போல என்று விட்டுவிட்டேன். மறுபடி கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் தப்பு.

அம்மாவின் அச்சு இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. மேல் தட்டு, இடது ஓரம்.

எலி

மார்ச் 14

எலி,

உன் கடிதத்தை நான் நம்பவில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். கதை கட்டுகிறாய், ஐந்து பேரைக் கட்டியவன் ஒரு மெழுகையும் கட்டமாட்டானா என்றுதான் நினைத்தேன். உன்னைப் பொய்யனாக்குவதற்காகவே அந்த நவம்பர் கடிதத்தைத் தேடினேன்.

வீட்டில் இல்லை. அலுவலகத்தில், ‘பி’ பெட்டியில் இருந்தது.

அப்போது நான் ‘பி’ எழுத்தில் இருந்தேன். உன் கடிதத்தின் முதல் பக்கம், ஆறாவது வரி. அம்மாவின் பல்லையும் ஆய்வக வேலையையும் சேர்த்து இழுத்துப் போட்டுக்கொண்டதற்கு மேற்பார்வையாளர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். மெல்ல முடியாத அளவுக்குக் கடித்து வாயில் வைத்துக்கொண்டாய் என்று. அதை ஆங்கிலத்திலேயே எழுதியிருக்கிறாய். ‘பைட் ஆஃப்’ என்ற பதிவுக்கு வாக்கியம் கிடைக்காமல் நான் திண்டாடிக்கொண்டிருந்த நேரம். சிவப்புப் பென்சிலால் அடிக்கோடு போட்டு, மேலே தேதி எழுதி, கடிதத்தோடு பெட்டியில் சொருகிவிட்டேன். நல்ல சீட்டு கிடைத்த சந்தோஷம்.

பக்கத்தைத் திருப்பவில்லை, தம்பி. மெழுகு பற்றி நீ எழுதியதெல்லாம் பின்பக்கத்தில் இருந்தது.

டப்பாவும் அங்கேதான் இருந்தது. பெட்டி பாதிதான் நிரம்பியிருந்தால் சீட்டுகள் சாய்ந்துவிடும். கடைசியில் எதையாவது முட்டுக்கொடுத்து வைப்போம், ஒரு கட்டையோ மை புட்டியோ. நான் உன் டப்பாவை முட்டுக்கொடுத்திருக்கிறேன். ஒன்றேகால் வருடம் ‘பி’ எழுத்துச் சீட்டுகளை அதுதான் நிமிர்த்திப் பிடித்திருக்கிறது.

கையில் எடுத்ததும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. டப்பா வந்த அன்று ‘உனக்கு ஏதோ அனுப்பியிருக்கான்’ என்று அம்மாவிடம் கொடுத்தேன். மூடியில் நீ அம்மாவுக்காகப் பெரிய எழுத்தில் எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. அம்மா படித்திருக்கிறாள். மறுநாள் சீட்டுப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுக்கிக்கொண்டிருந்தேன். டப்பாவை என் மேசைமேல் வைத்து, “இத அவனுக்கு அனுப்பிடும்மா” என்றாள். “வைம்மா, அப்பறம் பாக்கறேன்” என்றேன். ஒரு வாரம் கழித்து “அனுப்பிட்டியா?” என்று கேட்டாள். “ம்” என்றேன். என்ன கேட்டாள் என்றே காதில் விழவில்லை. அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. கஞ்சியைக் குடித்துக்கொண்டு, நீ செய்து அனுப்புவாய் என்று காத்திருந்தாள். அனுப்பாமல் விட்டது நான். திட்டு வாங்கியது நீ.

டப்பாவைத் திறந்தேன். மெழுகில் கடி இருக்கிறது. இரண்டு பக்கமும் ஈறு பதிந்திருக்கிறது, இடது பக்கம் கொஞ்சம் ஆழமாக. நீ எழுதியபடியே சரியாகக் கடித்திருக்கிறாள்.

அலுவலகத்தில் எல்லோர் எதிரிலும் அழுதேன். தலைமைப் பதிப்பாசிரியர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

டப்பாவைப் பஞ்சில் சுற்றி இத்துடன் அனுப்புகிறேன். ஒன்றேகால் வருடம் தாமதம். சீட்டு வராவிட்டாலும் பரவாயில்லை. பதினோராயிரத்தையும் மறுபடி பார்க்கச் சொன்னால் பார்க்கிறேன். பார்க்கத்தான் வேண்டும் போலிருக்கிறது, பின்பக்கங்களையும் சேர்த்து.

அக்கா

மார்ச் 31

அக்கா,

டப்பா பத்திரமாக வந்தது. மெழுகு ஓரத்தில் லேசாக நெளிந்திருக்கிறது, கடி கெடவில்லை.

உன்னைத் திட்ட வேண்டும் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. நீ பக்கத்தைத் திருப்பவில்லை, நான் மறுபடி கேட்கவில்லை. அம்மாவும் மூன்றாவது தடவை கேட்கவில்லை. இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே வியாதி. உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. போகும், கொஞ்ச நாள் ஆகும்.

அன்றைக்கே மெழுகை அச்சுகளுக்கு நடுவில் வைத்துக் கருவியில் பூட்டினேன். மேலும் கீழும் சரியாகப் போய் உட்கார்ந்தன. அம்மா வாயை மூடிக்கொண்டிருப்பது போல இருந்தது. இடது பக்கம் ஆழம் என்று எழுதியிருந்தாயே, அம்மா எப்போதும் இடது பக்கம்தான் மெல்லுவாள். பிறகு பல் அடுக்க ஆரம்பித்தேன். ஏன் என்று கேட்காதே. பாதியில் நிற்கும் வேலை அது, முடிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் பின்கதவு திறந்தது. மேற்பார்வையாளர். இரண்டு வருடத்தில் நான்காவது முறை அவர் அந்த அறைக்கு வருகிறார். பேசியதை உனக்காகத் தமிழில் தருகிறேன்.

“இதுக்கு ஆர்டர் எண் எங்க?”

“எண் இல்ல சார்.”

“யாருக்கு?”

“அம்மாவுக்கு.”

“எப்ப குடுக்கணும்?”

அந்தக் கேள்விக்கு என்ன சொல்வேன்? அவர் நின்றுகொண்டே இருந்தார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “பத்து நாள் லீவு வேணும், ஊருக்குப் போகணும்” என்று சொல்லிவிட்டேன். அதைக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஒரு வருடமாகவே ஆசை இருந்தது என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவர் அலமாரியைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், கணக்குப் போட்டார். பிறகு சொன்னதைச் சீட்டில் எழுதியிருக்கிறேன். தேதி, இடம், தொழில், எல்லாம் இருக்கிறது.

“பத்து நாளா? அசைபோட்டுட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் அந்த ஏழு ஆர்டரையும் முடி.”

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. உடம்பைப் பற்றியும் கேட்கவில்லை. இது நிஜம் என்று உன் தலைமைப் பதிப்பாசிரியர் நம்புவார்.

எலி

ஏப்ரல் 12

எலி,

சீட்டு செல்லும் என்று சொல்லிவிட்டார். ஒருமுறை படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இது கேட்டது” என்று முத்திரை போட்டார். நேற்று அச்சுக்குப் போய்விட்டது. ‘ச்யூ ஓவர்’ பதிவில் உன் மேற்பார்வையாளர் என்றென்றைக்கும் பத்து நாளை அசைபோட்டுக்கொண்டிருப்பார். ஏழு ஆர்டரையும் வெட்டாமல் அப்படியே போட்டிருக்கிறோம்.

மாலையில் கிளம்பும்போது தலைமைப் பதிப்பாசிரியர் என் மேசைக்கு வந்தார். “லீவு குடுத்தாரா?” என்றார். இந்த ஆறு வருடத்தில் அவர் ஒரு எடுத்துக்காட்டு வாக்கியத்தின் முடிவைக் கேட்டு நான் பார்த்ததில்லை. தெரியவில்லை என்றேன். “கேட்டு எழுதுங்க” என்றார்.

அதனால் கேட்டு எழுதுகிறேன். கொடுத்தாரா? கொடுக்கவில்லை என்றால் மறுபடி கேள். இரண்டு தடவை கேட்டுவிட்டு நிறுத்திவிடாதே, மூன்றாவது தடவையும் கேள்.

பல் முடிந்திருந்தால் கொண்டு வா. யாருக்கு என்று கேட்காதே. அம்மாவின் அறையில் வைப்போம். கதவை முழுக்கத் திறந்து வைக்கலாம் என்றிருக்கிறேன்.

நீ எழுதிய ஐந்து பொய்ச் சீட்டுகளும் என்னிடம்தான் இருக்கின்றன. விதிப்படி கிழித்துப் போட வேண்டும். மனசு வரவில்லை. அவற்றைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். ஐந்து பேர் கேட்டதும் நான் கேட்டிருக்க வேண்டியதுதான். ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. அதனால் நான் ஒரு புதுச் சீட்டு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இது தமிழ்ச் சீட்டு.

வாக்கியம்: “சாப்பிட்டியாடா?”
சொன்னவர்: அக்கா.
இடம்: நம் வீடு, வாசல்படி.
தேதி:

தேதி இல்லாத சீட்டு செல்லாது. நீ வந்து காதால் கேட்டுவிட்டுப் போட வேண்டும்.

அக்கா